கரஸ்ல டிகிரி: செல்லுமா, முடியுமா, எங்கன மாட்டும்?

டவுன் பாத்திரக்கடை | 14.07.2025, இரவு 10.50

டவுன்ல பாத்திரக்கடையில நிக்கேன். காலைல ஒன்பதரைக்குப் போனா ராத்திரி ஒன்பதரை. 2020ல பிளஸ் டூ முடிச்சது. கரஸ்ல, அதாவது தொலைநிலைல, பி.ஏ. போடலாம்னு பாத்தா எங்க மாமா, “கரஸ் டிகிரி எதுக்கும் செல்லாதுலே, டிஎன்பிஎஸ்சில தூக்கி எறிஞ்சிருவான்”ங்காரு. கடைக்கு வாற ஒருத்தரு, “வெளி மாநில யுனிவர்சிட்டி, ஒரே வருசத்துல மூணு வருசப் பரீட்சையும் எழுதிரலாம், மொத்தமா பணத்தக் கட்டுனா போதும்”ங்காரு. எதுவே நெசம்? விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

பேட்டை அண்ணாச்சி | 14.07.2025, இரவு 11.35

கடைக்கு வாறவரு சொல்லுதது முழுப் புரட்டு. மாமா சொல்லுததுல ஒரு நூல் உண்மை இருக்கு, அதை நாளைக்கு எழுதுதேன்.

மூணு வருசப் பட்டத்துக்குக் குறைஞ்சது மூணு வருசம். இதுல தள்ளுபடி கிடையாது. மார்க் ஷீட்லயும் பட்டத்துலயும் என்ன முறைல படிச்சது, சேர்ந்த தேதி, முடிச்ச தேதி, படிப்பு மையத்தோட பேரு, விலாசம் எல்லாம் இருக்கணும்னு யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விதி சொல்லுது. பின்தேதி போட்டுச் சேத்துவிடுத வித்தை அங்கனதான் மாட்டும்.

வெளி மாநிலச் சங்கதி: ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலை முறைல தன் மாநில எல்லையத் தாண்டி ஆள் சேர்க்கப்படாது. அடுத்தவனுக்குக் கிளை குடுத்து மையம் நடத்தவும் கூடாது. மாடியில ஒரு ரூம், ஒரு போர்டு, உள்ள ஒரு பிரிண்டர்னு இருந்தா அது படிப்பு மையம் இல்ல, கமிஷன் கடை. முழு ஆன்லைன் படிப்புக்கு மட்டும் எல்லை கிடையாது. அதுக்கும் தனியா அனுமதி வேணும்.

நம்ம பக்கத்து ஆளுக்கு நேர்வழி மூணு. ஒண்ணு அபிஷேகப்பட்டி, அதாவது 1990ல வந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோட தொலைநெறிக் கல்வி. ரெண்டு, 2002ல தொடங்குன தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். மூணு, 1985ல பார்லிமெண்ட் சட்டத்துல வந்த இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். இது மத்தியப் பல்கலைக்கழகம்கிறதால மாநில எல்லைப் பிரச்சினை இல்ல.

எதுல சேர்ந்தாலும் பணம் கட்டுததுக்கு முன்னால யூஜிசியோட தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்துக்குப் போயி மூணு விசயம் பாக்கணும். பல்கலைக்கழகத்துப் பேரு இருக்கா? நீங்க சேருத அந்தக் குறிப்பிட்ட படிப்பு இருக்கா? நீங்க சேருத பருவத்துக்கு, அதாவது இந்த வருச ஜூலை பருவத்துக்கு, அனுமதி இருக்கா? பேரு மட்டும் பாத்துட்டு ஏமாறுத ஆள்தான் ஜாஸ்தி. போன வருசம் இருந்த படிப்பு இந்த வருசம் இல்லாமப் போவும்.

பேட்டை அண்ணாச்சி | 15.07.2025, காலை 6.20

மாமா விசயம்.

2020ல வந்த யூஜிசி தொலைநிலைக் கல்வி விதிப்படி, அனுமதி உள்ள எடத்துல படிச்ச தொலைநிலைப் பட்டமும் கல்லூரிக்குப் போயி வாங்குன பட்டமும் ஒண்ணுதான். 22ஆம் விதி. 2022 செப்டம்பர்ல யூஜிசி இதை மறுபடி ஒரு அறிவிப்பாவே போட்டுது. மாமாட்ட அதைக் காட்டுங்க.

ஆனா தமிழ்நாட்டு அரசு வேலைக்கு வரிசை முக்கியம். பத்து, அதுக்கப்புறம் பிளஸ் டூ, அதுக்கப்புறம் மூணு வருசப் பட்டம். 2009ல வந்த அரசாணை 107ம் இதான் சொல்லுது: பத்தும் பிளஸ் டூவும் முடிச்சுட்டு வாங்குன திறந்தநிலைப் பட்டம் செல்லும். பிளஸ் டூ இல்லாம நேரா பட்டம் வாங்குனா செல்லாது. மாமா காலத்துல பிளஸ் டூ இல்லாம நேரா பட்டம், பி.ஏ. இல்லாம நேரா எம்.ஏ.ன்னு நெறைய பேரு வாங்கி வச்சிருந்தாவ. பி.ஏ. இல்லாத எம்.ஏ. கேஸ் ஒண்ணு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2009லயே அடிபட்டுட்டு. மாமா அந்த ஆளுவளத்தான் பாத்திருப்பாரு.

உங்களுக்கு 2020ல பிளஸ் டூ. வரிசை சரியா இருக்கு. குரூப் 2, குரூப் 1 எல்லாம் எழுதலாம். குரூப் 4க்கு பத்தாங்கிளாஸே போதும், அதுக்காவ டிகிரி முடியட்டும்னு உக்காந்திராதீங்க.

களக்காடு வாத்தியார் | 15.07.2025, மாலை 7.05

அண்ணாச்சி சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிளஸ் டூ இல்லாதவர்களுக்கென்று ஆறு மாத ஆயத்தப் படிப்பு உண்டு. அதை முடித்துப் பட்டப்படிப்பில் சேர இக்னோவே இடம் கொடுக்கிறது. பட்டமும் கிடைக்கும். ஆனால் அந்த ஆயத்தப் படிப்பு பிளஸ் டூவுக்கு இணை ஆகாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் விழுகிற குழி இதுதான். பத்து முடித்துவிட்டுக் காற்றாலை வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போனவர்கள், முதலில் பிளஸ் டூவைத் தனித்தேர்வராகவோ தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ முடித்துவிட்டுப் பட்டத்துக்கு வரட்டும். ஒன்றிரண்டு வருடம் கூடுதலாகும். ஆகட்டும்.

ஐடிஐ முடித்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பத்து முடித்து இரண்டு வருட ஐடிஐ பாஸ் செய்தவர், பிளஸ் டூ தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்று வாங்கலாம். மூன்று வருட டிப்ளமோக்காரர்கள், தாங்கள் குறிவைக்கும் வேலையின் அறிவிக்கையில் கல்வித்தகுதிப் பகுதியை வரிவரியாகப் படித்துவிட்டுச் சேரவும்.

பேட்டை அண்ணாச்சி | 15.07.2025, இரவு 9.48

வாத்தியார் சொன்ன ஆயத்தப் படிப்புக் குழியை எல்லாரும் நல்லா மனசுல வாங்கிக்கிடுங்க. சேர்க்கும்போது எவனும் இதைச் சொல்ல மாட்டான்.

முக்கூடல் தங்கச்சி | 17.07.2025, பகல் 2.15

அண்ணாச்சி, நான் வீட்டுல பீடி சுத்துதேன். கவர்மெண்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ வரைக்கும். பி.ஏ. தமிழ் கரஸ்ல போட்டா புதுமைப்பெண் ஆயிரம் ரூவா கெடைக்குமா? அப்புறம் பி.எட். கரஸ்ல உண்டுமா?

பேட்டை அண்ணாச்சி | 17.07.2025, இரவு 10.10

தங்கச்சி, புதுமைப்பெண் கெடைக்காது. தொலைநிலை, அஞ்சல்வழி ஆளுவளுக்கு அது இல்லன்னு திட்டத்துலயே இருக்கு. பசங்களுக்கு உள்ள தமிழ்ப்புதல்வனும் அப்படித்தான். ஆயிரம் ரூவா கணக்குல இருந்தா, பக்கத்துல உள்ள அரசுக் கல்லூரியோ உதவிபெறுத கல்லூரியோ கெடைக்குமான்னு ஒருக்க பாத்துருங்க. ரெகுலர்ல போவ முடியுத ஆளு கரஸ்க்கு வரவேண்டிய அவசியமே இல்ல, இதைச் சொல்லுததுக்கு எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல. பீடியும் வீட்டு வேலையும் விட முடியாதுன்னா கரஸ்தான்.

பி.எட். தொலைநிலைல உண்டு, ஆனா உங்களுக்கு இல்ல. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடிச்சவுக, பயிற்சி முடிச்சு தொடக்கப் பள்ளியில வேலை பாக்குதவுக, அவுகளுக்கு மட்டும்தான். பி.ஏ. முடிச்ச கையோட பி.எட்.னா கல்லூரிக்குப் போயித்தான் ரெண்டு வருசம் படிக்கணும். பி.ஏ. தொலைநிலைல படிச்சதுனால அங்கன தடை இல்ல, வரிசை சரியா இருந்தா போதும்.

இதே மாதிரி தொலைநிலைல இல்லாத படிப்பெல்லாம் ஒரு தடவை சொல்லிருதேன். இஞ்சினியரிங் கிடையாது. மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், விவசாயம், கட்டட வடிவமைப்பு, ஓட்டல் மேனேஜ்மெண்ட், கேட்டரிங் ஒண்ணும் கிடையாது. ஆராய்ச்சிப் பட்டமும் கிடையாது. (ஆகஸ்ட் கடைசில சேர்த்தது.) 2025 ஜூலை பருவத்துல இருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, உணவும் ஊட்டச்சத்தும் இதையெல்லாமும் எடுத்துட்டாவ. 2021ல வந்த சுகாதாரத் துணைத் தொழில் சட்டத்துக்குள்ள அதுவ வாறதால. கரஸ் சைக்காலஜிக்கு நம்ம ஊர்ல நல்ல கிராக்கி. அதனால இப்பவும் எவனாவது ‘சீட் இருக்கு’ம்பான். நம்பாதீங்க.

சட்டம் தொலைநிலைல இல்லன்னாலும், கரஸ்ல பி.ஏ. முடிச்சுட்டு மூணு வருச எல்.எல்.பி.க்கு நம்ம திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடலாம். அங்கயும் பத்து, பிளஸ் டூ வரிசைதான் கேப்பாவ.

டவுன் பாத்திரக்கடை | 20.07.2025, இரவு 11.02

அப்போ சேர்ந்திருதேன் அண்ணாச்சி. ஆனா நேரம்? ஒரு நாளைக்கு எவ்வளவு படிச்சா முடியும்? ‘ப்ளெக்ஸிபிள்’னு தானே எல்லா விளம்பரத்துலயும் போட்டிருக்கான்.

பேட்டை அண்ணாச்சி | 21.07.2025, காலை 5.55

கணக்குப் போட்டுப் பாத்துருவோம். தொலைநிலைல ஒரு கிரெடிட்னா 30 மணி நேரப் படிப்பு. அதுல புத்தகம் வாசிக்கது, அசைன்மென்ட் எழுதுதது, மையத்துக்குப் போயி வாறது எல்லாம் சேர்த்தி. நாலு கிரெடிட் பேப்பர் ஒண்ணுக்கு 120 மணி. பட்டம் 120 கிரெடிட்னு வச்சுக்கிட்டா 3600 மணி. மூணு வருசத்துக்குப் பிரிச்சா நாள் தவறாம மூணேகால் மணி நேரம். தீபாவளியும் சேர்த்துத்தான்.

பன்னெண்டு மணி நேரம் கடையில நிக்க ஆளுக்கு இது நடக்காது. பேப்பர்ல போட்ட கணக்கு அது. நடைமுறைல, காலைல கடைக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணரை மணி, லீவு நாள்ல நாலு மணி, இவ்வளவு முடிஞ்சாலே பாஸ் பண்ணிரலாம். ராத்திரி கடை சாத்திட்டு வந்து படிக்கேம்பாவ. படிக்க மாட்டாவ. காலே நிக்காது, கண்ணு எங்கன நிக்கும்? காலைலதான் படிப்பு. ராத்திரி வேணும்னா அசைன்மென்ட் பாத்து எழுதலாம், அதுக்கு முழிப்பு கொஞ்சம் போதும்.

‘ப்ளெக்ஸிபிள்’ங்கிறது நீங்க எங்கன உக்காந்து எப்போ படிக்கியங்கிறதுக்கு மட்டும்தான். தேதிக்கு அது பொருந்தாது. சேர்க்கைத் தேதி, அடுத்த வருசத்துக்கு மறுபதிவு பண்ணுத தேதி, அசைன்மென்ட் தேதி, பரீட்சைப் பாரம் போடுத தேதின்னு நாலு தேதி இருக்கு. இந்த நாலும் ரெகுலர் கல்லூரியவிட இறுக்கம். அங்கனன்னா வகுப்புல வந்து சொல்லுவாவ, கூடப் படிக்கவன் சொல்லுவான். இங்கன ஒருத்தனும் சொல்ல மாட்டான். இணையதளத்துல ஒரு ஓரத்துல போட்டுட்டு அவுக வேலை முடிஞ்சுதுன்னு இருப்பாவ. கரஸ்ல விட்டுப்போன ஆளுவள எடுத்துப் பாத்தா, பாடம் புரியாம விட்டவன் கொஞ்சம்தான். தேதி தவறவிட்டு, ஒரு பருவம் போயி, அடுத்த பருவம் போயி, அப்படியே மறந்தவன்தான் முக்கால்வாசி.

இன்னொண்ணு. பணம் கட்டிட்டா பரீட்சைக்கும் சேர்த்துக் கட்டிட்டதா நெனைக்காவ. இல்ல. சேர்க்கைக் கட்டணம் வேற, பரீட்சைப் பாரம் வேற, ஒவ்வொரு பருவத்துக்கும் பேப்பர் வாரியா தனியாப் போடணும். பாரம் போடலன்னா ஹால் டிக்கெட்டே வராது. இக்னோல போன வருசப் பரீட்சைல பாஸோ பெயிலோ, எழுதினாலும் எழுதலன்னாலும் அடுத்த வருசத்துக்கு மறுபதிவு பண்ணலாம். ‘ரிசல்ட் வரட்டும்’னு உக்காந்திருக்கக் கூடாது.

பேட்டை அண்ணாச்சி | 21.07.2025, இரவு 10.20

காலைல எழுதுனதுக்கு ஒரு பின்யோசனை. மூணு வருசப் பட்டத்த முடிக்க அதிகபட்சம் ஆறு வருசம் வரைக்கும் விடுதாவ. ‘அப்போ மெதுவா ஆறு வருசத்துல முடிக்கேன்’னு கணக்குப் போடாதீங்க. ஆறுன்னு நெனைச்சவன் எட்டுக்குப் போவான், எட்டு கிடையாது. மூணு வருசத்துக்கு எல்லாப் பேப்பரையும் பதிவு பண்ணி, பருவத்துக்கு ரெண்டு மூணு பேப்பரைத் திருத்தமா எழுதி, விட்டதை நாலாவது வருசத்துல அள்ளுதது, இதான் கடைக்காரன், பீடிக்காரி, டிரைவர் எல்லாருக்கும் ஒத்துவருத வேகம்.

பாளை நூலகத்து ஆளு | 24.07.2025, மாலை 4.30

விண்ணப்பம் போடுவதில் மாட்டுகிற இடங்களைச் சொல்லாமல் போனால் எப்படி? 2024இலிருந்து டெப் ஐடி (யூஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் வாங்கும் எண்) இல்லாமல் எந்தத் தொலைநிலைப் படிப்பிலும் சேர முடியாது. அதற்கு முதலில் ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்) வேண்டும், அது டிஜிலாக்கர் வழியாக ஆதாரிலிருந்து வருகிறது. அங்கேதான் இனிஷியல் பிரச்சினை. பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், சிலருக்கு ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். எல்லா இடத்திலும் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் உள்ள மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். சேருவதற்கு முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், ஒன்றை அவசரப்பட்டு வீணாக்க வேண்டாம்.

பேட்டை அண்ணாச்சி | 24.07.2025, இரவு 9.15

நல்லா சொன்னிய. இதோட பிரவுசிங் சென்டர் சங்கதியும் உண்டு. ‘நீங்களே போட்டுக் குடுங்கண்ணே’ன்னு சொன்னா, அவரு வேலை சீக்கிரம் முடியணும்னு தன் போன் நம்பரையும் மெயிலையும் போட்டுருவாரு. ஓடிபி, பாஸ்வேர்டு, ஹால் டிக்கெட் எல்லாம் அவருக்குப் போவும். ஒரு வருசம் கழிச்சு கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாருன்னா, சொந்தக் கணக்குக்குள்ள நுழைய மண்டல மையத்துக்கு அலையணும். கூட உக்காந்து, உங்க நம்பர், உங்க மெயில்னு சொல்லிச் சொல்லிப் போட வைங்க. மெயில் இல்லன்னா அங்கனயே ஒண்ணு உண்டாக்கி, பாஸ்வேர்டை நோட்டுல எழுதிக்கிடுங்க.

போட்டோவும் கையெழுத்தும் இக்னோல 100 கேபிக்குள்ள, சான்றிதழ் 200 கேபிக்குள்ள. போன்ல எடுத்த படத்தை அப்படியே ஏத்தப் பாத்து ‘வரமாட்டேங்குது’ன்னு ராத்திரி பன்னெண்டு மணிக்குப் புலம்புதது இதுனாலதான். கடைசித் தேதியன்னைக்கு தளம் நகராது. நீட்டுவாவ, பெரும்பாலும் நீட்டுவாவ. நீட்டுவாவன்னு நம்பி இருக்கதும் ஒரு பொழப்பா?

மேலப்பாளையம் காக்கா | 26.07.2025, இரவு 8.40

கல்ஃப்ல செல்லுமா அண்ணாச்சி? தம்பி பேட்டையில ரெகுலர் பி.காம். படிக்கான், கூடவே கரஸ்ல இன்னொண்ணு போடலாமான்னும் கேக்கான்.

பேட்டை அண்ணாச்சி | 26.07.2025, இரவு 10.05

போடலாம் காக்கா. 2022 ஏப்ரல் 13ல யூஜிசி வழிகாட்டுதல் வந்துட்டு. ஒரு ரெகுலர், ஒரு தொலைநிலை ஒண்ணா படிக்கலாம். ரெண்டு தொலைநிலையும் ஒண்ணா படிக்கலாம். ஆனா பரீட்சை ரெண்டும் ஒரே நாள் வந்தா யூஜிசி வந்து எழுதித் தராது.

கல்ஃப்க்கு அட்டஸ்டேஷன், அதாவது சான்றிதழை மெய்ப்பிக்குத முறை, பொதுவா இப்படி: மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அப்புறம் சில நாட்டுக்கு அந்த நாட்டுத் தூதரகம். இடையில பல்கலைக்கழகத்துக்கு ‘இது உண்மைச் சான்றுதானா’ன்னு கேட்டு எழுதுவாவ. அதுக்கு நேர்மையான பட்டம் தாங்கும். படிப்பு முறை சான்றிதழ்லயே இருக்கதால, ரெகுலர் பட்டம்தான் வேணும்னு கேக்குத கம்பெனிட்ட மறைக்க முடியாது. விசா எடுக்கதுக்கு முன்னாலயே கம்பெனிட்ட கேட்டுக்கிடச் சொல்லுங்க.

பேட்டை அண்ணாச்சி | 02.08.2025, காலை 6.40

அசைன்மென்ட் பத்தி நாலஞ்சு பேரு தனியா கேட்டிருந்தாவ. இங்கனயே போடுதேன்.

மொத்த மார்க்குல அசைன்மென்ட்டுக்கு 30, பரீட்சைக்கு 70. இக்னோல ரெண்டுலயும் தனித்தனியா பாஸ் பண்ணணும். ஒண்ணுல நல்லா வாங்கி இன்னொண்ணை ஈடுகட்ட முடியாது. அசைன்மென்ட்ல பாஸாயி பரீட்சைல போனா, அசைன்மென்ட் மார்க் அப்படியே நிக்கும், பரீட்சை மட்டும் திரும்ப எழுதலாம். அதனால முதல் வேலை அசைன்மென்ட்தான். பாத்து எழுதுத 30 மார்க்கை எவனாவது விடுவானா? விடுதான். அதான் வேடிக்கை. இக்னோல ஜூன் பரீட்சைக்குப் பொதுவா ஏப்ரல் கடைசிக்குள்ள, டிசம்பர் பரீட்சைக்கு அக்டோபர் கடைசிக்குள்ள குடுத்தாகணும்.

எழுதுத முறை: கோடு போட்ட ஏ4 தாள். கையெழுத்துலதான், டைப் பண்ணக்கூடாது. இடது பக்கம் நாலு விரக்கடை விட்டு எழுதுங்க, டேக் கட்டும்போது எழுத்து உள்ள போயிராம இருக்கும். ஒரு பேப்பருக்கு ஒரு கட்டு. அஞ்சு பேப்பரையும் சேத்து ஒரே கட்டாக் கட்டிக் குடுத்தா மையத்துல பிரிக்கும்போது ரெண்டு காணாமப் போவும். முதல் பக்கத்துல பேரு, பதிவெண், படிப்புக் குறியீடு, பேப்பர் குறியீடு, மையக் குறியீடு, தேதி, போன் நம்பர். ஜெல் பேனா வேண்டாம். நம்ம ஊர் வேர்வைக்கு உள்ளங்கை பட்ட எடமெல்லாம் இழுவும், போன்ல ஸ்கேன் பண்ணுனா கறை மட்டும் தெரியும். பால் பாயிண்ட், நீலம்.

குடுக்கதுக்கு முன்னால ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல எடுத்து வச்சுக்கிடுங்க. குடுத்ததும் ரசீது. சீல் இல்லாம, கையெழுத்து மட்டும் போட்ட துண்டுச்சீட்டு பின்னால உதவாது. தளத்துல மார்க் ஏறலன்னா இந்த ரசீதும் போட்டோவும் மட்டும்தான் உங்க பக்கத்துச் சாட்சி.

ஜெராக்ஸ் கடையில எழுதி முடிச்ச விடை விக்காவ. அதைப் பாத்து ஒரு மையமே எழுதுது. சங்க காலம்னு இருக்க வேண்டியது அதுல ‘சங்கு காலம்’னு அடிச்சிருந்தா, அம்பது பேரும் சங்கு ஊதிருப்பாவ. திருத்துதவருக்கு நாலாவது தாள்லயே தெரிஞ்சிரும்.

களக்காடு வாத்தியார் | 02.08.2025, இரவு 8.20

கூடவே ஒன்று. மையத்தில் நடக்கும் வகுப்புக்குப் போகாவிட்டால் ஒன்றுமில்லை என்று ஒரு பேச்சு உண்டு. எழுத்துப் பாடத்துக்கு அது பெரும்பாலும் சரி. செய்முறை உள்ள படிப்புக்குத் தவறு. செய்முறைக்கு வருகை கட்டாயம், அதை விட்டால் அந்தப் பேப்பர் நிற்கும். வேலையில் லீவு கிடைக்காதவர்கள் செய்முறை உள்ள பாடத்தை எடுக்காதீர்கள். வரலாறு, தமிழ், வணிகம் இவை வேலைக்காரனுக்கு வசதி.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 விழுக்காடு ஒதுக்கீட்டை நினைத்துச் சேர்பவர்களுக்கு: 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டத்தகுதி வேலைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியாக இருக்க வேண்டும். பத்தையோ பிளஸ் டூவையோ பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராக எழுதியிருந்தால் அது கணக்கில் வராது. பட்டத்துக்கு மட்டும் தமிழ்வழி எடுத்துவிட்டு 20 விழுக்காட்டை எதிர்பார்க்காதீர்கள். தமிழில் எழுதினால் நன்றாக எழுதுவீர்கள் என்பதற்காகத் தமிழ்வழி எடுங்கள், அது நல்ல காரணம்.

பேட்டை அண்ணாச்சி | 09.08.2025, இரவு 10.45

பரீட்சை எழுதுத கை. இதைப் பத்தி எவனும் பேச மாட்டேங்கான்.

பிளஸ் டூ முடிச்சு அஞ்சு வருசம் ஆன ஆளுக்கு மூணு மணி நேரம் எழுதுத கை போயிருக்கும். போன்ல கட்டைவிரல் ஓடும், பேனாவுல ஓடாது. முதல் நாப்பது நிமிசம் ஓடிரும், அப்புறம் கட்டைவிரலுக்குக் கீழ உள்ள சதை இழுக்கும், எழுத்து பெருசாவும், வரி சாயும். கடைசி ரெண்டு கேள்விக்கு விடை தெரிஞ்சும் அரைப் பக்கத்தோட நிக்கும். பெயிலுக்குப் பாதிக் காரணம் இங்கன இருக்கு.

மருந்து ஒண்ணுதான். பரீட்சைக்கு ரெண்டு மாசத்துக்கு முன்னால இருந்து தினம் ரெண்டு பக்கம், கடிகாரத்த வச்சு எழுதுங்க. பழக்கம் விட்ட கைக்குப் பக்கத்துக்குப் பன்னெண்டு நிமிசம் ஆவும். எட்டு நிமிசத்துக்கு வந்துட்டுன்னா ஆளு தயார். 70 மார்க், 180 நிமிசம். வாசிக்கதுக்கும் சரிபாக்கதுக்கும் பதினஞ்சைக் கழிச்சுட்டா, 20 மார்க் கேள்விக்கு 45 நிமிசம், 10 மார்க்குக்கு இருவது, இருவத்திரண்டு. இதுக்கு மேல ஒரு கேள்வில உக்காந்தா அடுத்ததுல இருந்து திருடுதியன்னு அர்த்தம்.

எதைப் படிக்கது? பாடப் புத்தகம் பிளாக், யூனிட்னு பிரிஞ்சிருக்கும். யூனிட் முடிவுல உள்ள கேள்விய முதல்ல வாசிங்க, அப்புறம் யூனிட்டை வாசிங்க. கடைசி அஞ்சு வருசக் கேள்வித்தாளை எடுத்து எந்த யூனிட்ல இருந்து எத்தனை வந்திருக்குன்னு ஒரு தாள்ல கோடு போட்டா, ஒரு பேப்பர்ல நாலஞ்சு யூனிட்தான் அடிக்கடி தலை காட்டும். அதைக் கரைச்சுக் குடிங்க, மிச்சத்தை ஒருக்க வாசிங்க. வினாத்தாள் எல்லாம் பல்கலைக்கழகத்துத் தளத்துலயே கெடக்கு, காசு குடுத்து வாங்காதீங்க.

முக்கூடல் தங்கச்சி | 10.08.2025, பகல் 1.30

ஜூன் பரீட்சை ஆனித்தேர் சமயத்துல வருது, டிசம்பர் பரீட்சை அடைமழைல வருது. நமக்குன்னு பாத்துதான் வைப்பானுவளோ?

பேட்டை அண்ணாச்சி | 10.08.2025, இரவு 9.30

தேருக்கு வடம் இழுத்த கையோட பரீட்சைக்குப் போனா எழுத்து இன்னும் சாயும், தங்கச்சி.

டிசம்பர் மட்டும் வெளையாட்டு இல்ல. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழைல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ரெண்டு கரையும் தாண்டிப் போச்சு. டிசம்பர் பரீட்சை எழுதுதவுக மையம் தேர்ந்தெடுக்கும்போது, வாய்க்கால் தாண்டணுமா, பஸ் நின்னா நடந்தாவது போவ முடியுமான்னு பாத்துப் போடுங்க. பாரத்துல மையம் கேக்கும்போது பிந்திப் போட்டா பக்கத்து மையம் நெறைஞ்சு, தூரத்துலதான் கெடைக்கும். இதுவும் தேதி விசயந்தான்.

அந்த மழைல சான்றிதழ் போன வீடு நெறைய. மார்க் ஷீட் நனைஞ்சா வெயில்ல போடக்கூடாது, தேய்ப்புப் பெட்டியும் வைக்கக்கூடாது. லேமினேட் பண்ணுனது உள்ள தண்ணி போச்சுன்னா பிரிக்கவே முடியாது, அதனால முதல்ல இருந்தே லேமினேட் வேண்டாம், பிளாஸ்டிக் உறைல போட்டு மேல் தட்டுல வைங்க. காணாமப் போனதுக்கு மறுபிரதி வேணும்னா, போலீஸ் இணையதளத்துல தொலைஞ்ச ஆவணத்துக்குப் பதிவு போட்டு அந்த ரசீதோட ஆரம்பிக்கணும். டிஜிலாக்கர்ல இப்பவே இழுத்து வச்சுட்டா இந்த அலைச்சல் பாதி.

டவுன் பாத்திரக்கடை | 28.08.2025, இரவு 10.58

திறந்தநிலைல பி.ஏ. வரலாறு, தமிழ்வழி போட்டாச்சு அண்ணாச்சி. ஆதார்ல இனிஷியல் திருத்துததுக்கே ஒரு வாரம் போச்சு. புத்தகம் இன்னும் கைக்கு வரல, பிடிஎஃப்தான் இருக்கு. போன்ல வாசிச்சா தூக்கம் வருது.

பேட்டை அண்ணாச்சி | 29.08.2025, காலை 6.05

புத்தகத்துக்குக் காத்திருக்காதீங்க, அது வாறப்போ வரும். பிடிஎஃப் முழுசையும் பிரிண்ட் போடவும் வேண்டாம். ஒரு பேப்பர்ல அடிக்கடி கேள்வி வாற நாலஞ்சு யூனிட்டை மட்டும் ரெண்டு பக்கமும் அடிச்சு, யூனிட் யூனிட்டா தனித்தனியா பின் பண்ணுங்க. ஒண்ணு சட்டைப் பைல மடிச்சு வைக்க அளவுக்கு இருக்கும், கடையில கூட்டம் இல்லாத மத்தியானத்துல ரெண்டு பக்கம் ஓடும். முதலாளி பாத்தா விலைப்பட்டியல்னு நெனைப்பாரு.

அசைன்மென்ட் கேள்வித்தாளை இறக்கும்போது மேல உள்ள வருசத்தையும் பருவத்தையும் பாத்துக்கிடுங்க. போன வருசக் கேள்வியும் அதே பக்கத்துலதான் கெடக்கும். அதை எழுதிக் குடுத்தா வாங்கி வச்சுக்கிடுவாவ, மார்க் போட மாட்டாவ.